இரண்டு பம்ப்புகள், ஒரே ஸ்பிரிங்

ஏற்காடு மலைப்பாதையில் ஒரு பழைய அம்பாசடர் திணறித் திணறி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கொடுத்த மெக்கானிக்கல் ஃபியூயல் பம்ப் இன்னும் அதன் எஞ்சின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. அதே வளைவில், அதே திணறலோடு, இன்னொரு அம்பாசடரும் நிற்கிறது. இதில் பழைய பம்ப்பைக் கழற்றி, அந்தத் துளையைத் தகடு வைத்து மூடிவிட்டு, கடையில் வாங்கிய எலக்ட்ரிக் பம்ப் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். முதல் வண்டிக்காரர் பானட்டைத் திறந்து பம்ப்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். இரண்டாமவர் ஃப்யூஸைப் பார்க்கிறார், வயரை ஆட்டிப் பார்க்கிறார், பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார். இருவருக்கும் வந்திருக்கும் கோளாறு ஒன்றாகவே இருக்கக்கூடும்.

எலக்ட்ரிக் பம்ப்பின் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு மிகத் தெளிவான வழிகாட்டி, அது இடம்பெயர்த்த மெக்கானிக்கல் பம்ப்தான் என்பது என் துணிபு. ஒன்று எப்படிக் கெடும் என்று தெரிந்தவருக்கு மற்றதும் எப்படிக் கெடும் என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும். மீதியில்தான் மின்சாரம் வருகிறது.

முதலில் ஒரு எண்ணத்தை ஒதுக்கி வைப்போம். மெக்கானிக்கல் பம்ப் பழைய தலைமுறை, எலக்ட்ரிக் பம்ப் புதிய தலைமுறை என்று வரிசைப்படுத்துவது வழக்கம். வரலாறு அந்த வரிசைக்கு ஒத்துவரவில்லை. 1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனரில் எஸ்.யு. கம்பெனியின் எலக்ட்ரிக் பம்ப் எஞ்சின் அறையின் பின்சுவரில் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இலங்கைச் சாலைகளில் அந்தக் கார்களை இன்றும் பார்க்கலாம். 1983-இல் வந்த மாருதி 800-இலோ கேம் ஷாஃப்ட் இயக்கும் மெக்கானிக்கல் பம்ப். ஆகவே பழைய காருக்கு எலக்ட்ரிக் பம்ப் பொருத்துகிறவர் அதன் காலத்துக்கு ஒவ்வாத எதையும் செய்துவிடவில்லை. அந்தக் காரின் சமகாலத்தில் நிலவிய இரண்டு மரபுகளில் ஒன்றை விட்டு மற்றதற்கு மாறுகிறார், அவ்வளவே.

இனி உள்ளே பார்ப்போம். மெக்கானிக்கல் பம்ப்பில் கேம் ஷாஃப்டின் மையம் விலகிய வட்டம் ஓர் ஆர்மைத் தள்ளுகிறது. அந்த ஆர்ம் டயாஃபிரத்தைக் கீழே இழுக்கிறது. டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. சாலிட் ஸ்டேட் வகை எலக்ட்ரிக் பம்ப்பில் ஒரு காயில் காந்தமாகி உள்ளிருக்கும் பிளஞ்சரை இழுக்கிறது. அங்கும் அறை நிரம்புகிறது. இதுவரை கேட்டவர், கேம் தள்ளுவதால்தான் பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது, காந்தம் தள்ளுவதால்தான் போகிறது என்று நினைப்பார். இரண்டிலும் அப்படியில்லை. கேம் இழுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. காந்தமும் இழுத்துவிட்டு விட்டுவிடுகிறது. பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்புவது இரண்டிலும் ஒரு சிறிய ஸ்பிரிங். அழுத்தம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதும் அந்த ஸ்பிரிங்தான். எஞ்சினை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் மெக்கானிக்கல் பம்ப்பின் அழுத்தம் ஸ்பிரிங் தருவதைப் பெரிதாகத் தாண்டாது. பேட்டரியில் எவ்வளவு தெம்பு இருந்தாலும் எலக்ட்ரிக் பம்ப்பின் அழுத்தமும் அப்படியே.

இந்த உறவு எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. ஒன்று எண்ணெயில் நனைந்த இரும்பு, மற்றது சர்க்யூட் பலகையோடு சீல் வைத்த டப்பா. வெளித்தோற்றத்தில் ஒரு சாயலும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் எதிரே ஒரே நீதிபதி: கார்புரேட்டரின் ஃப்ளோட்டும் நீடில் வால்வும். கிண்ணம் நிரம்பி நீடில் மூடிக்கொண்டால் ஸ்பிரிங் தள்ள இடமில்லை. அப்போது மெக்கானிக்கல் பம்ப்பின் ஆர்ம் மட்டும் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நிமிடத்துக்கு 1500 முறை ஆர்ம் ஆடும், டயாஃபிரமோ ஏறக்குறைய அசையாமல் கீழேயே நிற்கும். எலக்ட்ரிக் பம்ப்பிலும் பிளஞ்சர் திரும்பி வர இடமின்றி அதன் துடிப்பு வெகுவாகத் தளரும், எஸ்.யு. பம்ப்பில் முழுதாகவே நின்றுவிடும். வேண்டியபோது கொடுத்து வேண்டாதபோது ஓய்வதை இரண்டுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மோட்டாரால் இதழ்கள் சுழலும் ‘வேன்’ வகை எலக்ட்ரிக் பம்ப் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அது நில்லாமல் ரீங்கரிக்கும். மிஞ்சிய பெட்ரோலை உள்ளேயே சுற்றிவிடும். பெட்ரோல்தான் அதற்கு மசகு என்பதால் வறட்டு ஓட்டம் அதற்கு ஆகாது. சிறிய கார்புரேட்டர் கார்களுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை; இந்த ஒப்பீட்டில் அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

வேறுபாடு எங்கே தொடங்குகிறது? யார் ஆணையிடுகிறார் என்பதில். மெக்கானிக்கல் பம்ப்புக்கு எஞ்சின் ஆணையிடுகிறது. எலக்ட்ரிக் பம்ப்புக்குச் சாவி ஆணையிடுகிறது. இந்த ஒரே வித்தியாசம் நன்மையாகவும் தொல்லையாகவும் பலவாகக் கிளைக்கிறது. இரண்டு வாரம் ஷெட்டில் நின்ற ஒரு பிரீமியர் பத்மினி காரைக் கிளப்ப வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். மெக்கானிக்கல் பம்ப் என்றால் கிண்ணம் நிரம்பும்வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்; இல்லையேல் பம்ப்பின் கைநெம்புகோலைப் பிடித்து ஆட்ட வேண்டும், அதுவும் அந்த நெம்புகோல் இருக்கும் மாடலாக இருந்தால். எலக்ட்ரிக் பம்ப் என்றால் சாவியைத் திருப்பிச் சில நொடி காத்திருந்தால் போதும். அந்தச் சில நொடிகள்தாம் நம் ஆய்வுக்குக் கிடைக்கும் முதல் வாசல்.

ஏனென்றால் எலக்ட்ரிக் பம்ப் பேசும். சாவியைத் திருப்பியதும் வேகமாக அடித்து, கிண்ணம் நிரம்ப நிரம்பத் தளர்ந்தால் எல்லாம் சரி. வேகமாகவே அடித்துக்கொண்டு தளராமல் இருந்தால் ஸ்பிரிங்குக்கு எதிர்ப்பே இல்லை என்று பொருள்: டேங்க் காலி, அல்லது உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது நீடில் வால்வு மூடாமல் பெட்ரோல் கார்புரேட்டரிலிருந்து வழிகிறது. கடைசியாகச் சொன்னதை மூக்கே காட்டிக்கொடுக்கும். தொடக்கத்திலேயே மெதுவாகவும் கனமாகவும் அடித்தால் வெளிவாயில் அடைப்பு, அல்லது வந்து சேரும் மின்சாரம் போதவில்லை.

மெக்கானிக்கல் பம்ப் பேசாது, ஆனால் காட்டும். பழைய மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்று சொல்லும் வகையில் மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. அதில் பெட்ரோல் நிற்கிறதா, குமிழி ஓடுகிறதா, அடியில் தண்ணீரும் துருவும் படிந்திருக்கின்றனவா என்பதை டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். ஒன்று காதுக்கு, மற்றது கண்ணுக்கு. எலக்ட்ரிக்குக்கு மாறியவர் கண்ணை இழந்து காதைப் பெறுகிறார். குழாயில் ஒரு தெளிவான ஃபில்டரைச் சேர்த்துக்கொண்டால் இழந்ததில் பாதி திரும்பக் கிடைக்கும்.

ஆனால் காதுக்கும் ஓர் எல்லை உண்டு. எஸ்.யு. வகையில், வயிறு நிரம்பி ஓய்ந்த பம்ப்பும் செத்துப்போன பம்ப்பும் ஒரே மாதிரி மௌனமாக இருக்கும். இந்த மௌனத்தை எப்படிப் பிரித்தறிவது? கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஓய்ந்த பம்ப் உடனே விழித்து அடிக்கும், செத்தது பேசாது. உள்ளிருக்கும் கான்டாக்ட் பாயின்ட் ஒட்டிக்கொண்ட எஸ்.யு. பம்ப்பை மோரிஸ் மைனர் ஓட்டியவர்கள் ஸ்பேனர் கைப்பிடியால் லேசாகத் தட்டி எழுப்புவார்கள். தட்டினால் எழுகிறது என்றால் பாயின்ட்டைக் கவனிக்கச் சொல்கிறது. தட்டுவதையே வைத்தியமாக நம்பி நீண்ட பயணம் போகக் கூடாது.

பாட்டிலை எடுப்பதற்கு முன்பே, பம்ப் எதுவானாலும் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. இதைச் செய்யாமல் பம்ப்பைக் குற்றம் சொல்கிறவர்கள்தாம் அதிகம். வண்டி நின்ற உடனே, எஞ்சின் ஓடாத நிலையில், ஏர் கிளீனரை எடுத்துவிட்டுக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் இணைப்பைக் கையால் இழுங்கள். ஆக்ஸிலரேட்டர் பம்ப் உள்ள சோலெக்ஸ், வெபர் போன்ற கார்புரேட்டர்களில் உள்ளே பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. ஃபியூயல் பம்ப் நிரபராதி. இக்னிஷனின் காயில், கண்டென்சர் பக்கம் போகலாம். பீய்ச்சாவிட்டால் மட்டுமே நம் விசாரணை தொடரும். எஸ்.யு. கார்புரேட்டரில் இந்த வசதி இல்லை. அங்கே கிண்ணத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிட வேண்டியதுதான்.

இப்போது மலைப்பாதைக்குத் திரும்புவோம், ஏனெனில் இடம் என்ற கேள்வி அங்கேதான் கூர்மையாகிறது. மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருந்தாக வேண்டும். கேம் அங்கேதான் இருக்கிறது. டேங்க் வண்டியின் பின்கோடியில். ஆகவே பெட்ரோல் வண்டியின் முழு நீளத்துக்கும் இழுக்கப்பட்டு வருகிறது. இழுக்கப்படும் திரவத்தின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் அது குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பெட்ரோலை அரை மீட்டர் உயரம் இழுத்தெடுக்கவே ஏறத்தாழ அரை பி.எஸ்.ஐ. செலவாகும், குழாயின் உராய்வு தனி. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாகத் தொடங்குகின்றன. ஏற்றத்தில் இரண்டாவது கியரில், காற்றோட்டமின்றி, பானட்டுக்குள் இருக்கும் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பம்ப்புக்குள் ஆவி நிறைந்துவிடுகிறது; இதுதான் வேப்பர் லாக். டயாஃபிரம் ஆவியை அமுக்கி அமுக்கி விடுகிறதே தவிரப் பெட்ரோலை நகர்த்துவதில்லை. ஈரத்துணி அந்த ஆவியைக் குளிர்வித்து மறுபடி திரவமாக்குகிறது. நம் ஊர் ஓட்டுநர்கள் பல தலைமுறையாகச் செய்த அந்த வைத்தியம் முற்றிலும் சரியான பௌதிகம்.

எலக்ட்ரிக் பம்ப்புக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதை டேங்க் அருகிலேயே, டேங்கின் அடிமட்டத்தை ஒட்டி, சூடில்லாத இடத்தில் வைக்கலாம். அங்கிருந்து அது பெட்ரோலைத் தள்ளும். தள்ளப்படும் பெட்ரோல் அழுத்தத்தில் இருப்பதால் எளிதில் கொதிக்காது. வேப்பர் லாக்குக்குத் தீர்வு என்று எலக்ட்ரிக் பம்ப்பைப் புகழ்வதன் முழுக் காரணமும் இந்த இடமாற்றம்தான். மின்சாரத்துக்கு அதில் தனிப் பெருமை இல்லை. வருந்தத்தக்க செய்தி என்னவென்றால், வயரிங் சுலபம் என்பதற்காகவும் பழைய குழாய் அங்கே இருக்கிறது என்பதற்காகவும் புதிய பம்ப்பையும் எஞ்சின் அறைக்குள்ளேயே திருகி வைத்துவிடுகிறார்கள். இப்போது காந்தமும் கேம் இழுத்த அதே நீளத்தை, அதே சூட்டில் இழுக்கிறது. ஏற்காட்டு வளைவில் நின்ற இரண்டாவது அம்பாசடரின் கதை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். அதற்குப் புது பம்ப் தேவையில்லை. இருக்கும் பம்ப்பைப் பின்னால் கொண்டுபோக வேண்டும், வெளிவாய் மேல்நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும். மறந்துவிடக் கூடாத இன்னொன்று: பம்ப்புக்கு முன்னால் கம்பிவலை ஃபில்டர், பின்னால் காகித ஃபில்டர். நெருக்கமான காகித ஃபில்டரை உறிஞ்சும் பக்கத்தில் போட்டால், தள்ளுவதில் வல்ல பம்ப்பை மறுபடி இழுக்க வைத்துச் சோதிக்கிறோம்.

வேலையின் நீளத்தை, அதாவது ஸ்ட்ரோக்கை, எது தின்கிறது என்று பார்த்தாலும் இணைகள் கிடைக்கின்றன. மெக்கானிக்கல் பம்ப்பில் ஆர்மின் நுனி தேய்ந்தால் டயாஃபிரம் இறங்கும் தூரம் குறையும். பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே எண்ணெய்க் கசிவுக்குப் பயந்து இரட்டைப் பேக்கிங் போட்டாலும் அதே விளைவு. ஆர்ம் கேமிலிருந்து விலகி நிற்கும். எலக்ட்ரிக் பம்ப்பில் மெல்லிய வயர் அந்தப் பேக்கிங்கின் வேலையைச் செய்கிறது. பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். பம்ப்பின் முனையில் 10 வோல்ட்தான் வந்து சேரும். காந்தம் ஸ்பிரிங்கை முழுதாக அமுக்கச் சக்தியின்றிப் பாதியிலேயே விட்டுவிடும். இங்கே தடித்த பேக்கிங், அங்கே மெலிந்த வயர்.

இந்த இடத்தில் டெஸ்ட் லாம்ப் ஏமாற்றும். துருவேறிய இணைப்பு வழியே ஒரு சிறு பல்ப் எரியப் போதுமான மின்சாரம் வந்துவிடும். பம்ப் கேட்கும் அளவு வராது. பல்ப் எரிகிறது, பம்ப் ஓடவில்லை, ஆகவே பம்ப் போயிற்று என்ற தர்க்கம் பல நல்ல பம்ப்புகளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியிருக்கிறது. மல்ட்டிமீட்டரை வைத்து, பம்ப் இணைக்கப்பட்டு வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே அளக்க வேண்டும். பேட்டரிக்கும் அதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ தின்னப்படுகிறது. சாவி சுவிட்சின் தேய்ந்த முனை வழக்கமான குற்றவாளி; ஒரு ரிலே போட்டு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியே நேராகக் கொடுத்தால் தீரும். எர்த் அடுத்த குற்றவாளி. சத்தம் குறைய ரப்பர் புஷ் வைத்துப் பம்ப்பைப் பொருத்துவது நல்ல பழக்கம். அந்த ரப்பரே எர்த்தைத் துண்டித்துவிடும் என்பதை மறந்துவிடுகிறோம். தனி எர்த் வயர் பாடியின் சுரண்டிய இரும்புக்குப் போக வேண்டும்.

தலைகீழாகப் பொருத்துவதிலும் இரண்டும் ஒத்துப்போகின்றன. சில எஞ்சின்களில் பம்ப்பை நுழைக்கும்போது ஆர்ம் கேமின் தவறான பக்கத்துக்குப் போய்விடும். போல்ட்டை முறுக்க முறுக்க ஆர்ம் வளையும் அல்லது உடையும். 1960கள் வரையிலான பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். நெகட்டிவ் எர்த்துக்கென்று செய்த சாலிட் ஸ்டேட் பம்ப்பை அங்கே வழக்கம்போல் இணைத்தால் அது அடிக்காது, கெட்டும் போகலாம். போல்ட்டை முறுக்குவதற்கு முன் ஒருமுறை கையால் தடவிப் பார்ப்பதும், இணைப்பதற்கு முன் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்ப்பதும் ஒரே வகை எச்சரிக்கை.

இனி அளவு. 80 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் கார் மணிக்கு 8 லிட்டர் குடிக்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 133 மில்லி. ஹோஸை அளவு குறித்த பாட்டிலில் விட்டு ஒரு நிமிடம் பிடித்தால் அரை லிட்டருக்கு மேல் வந்துவிட்டது என்றால் தேவையைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல் வருகிறது. நல்ல நிலையிலுள்ள மெக்கானிக்கல் பம்ப்பும் இதைத் தரும், எலக்ட்ரிக்கும் தரும். எலக்ட்ரிக்கில் சாவியைத் திருப்பினால் போதும். மெக்கானிக்கலில் காயிலின் வயரைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும், செல்ஃப் வேகத்துக்கு ஏற்பக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். ஹோஸைக் கழற்றிப் பெட்ரோலை வெளியே எடுக்கும் சோதனைகள் எல்லாம் எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதுதான்.

பம்ப்பையே விலக்கிவிட்டுச் சோதிக்கும் வழியும் மெக்கானிக்குகளிடம் உண்டு: கார்புரேட்டருக்கு மேலே சிறு கேனில் பெட்ரோல் கட்டி, ஹோஸ் வழியே நேராக இறக்கிப் பார்ப்பது. யாழ்ப்பாணத்தில் 1990களின் எரிபொருள் தடைக்காலத்தில் ஆஸ்டின் ஏ40 போன்ற கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள், கார்புரேட்டருக்குச் சில துளி பெட்ரோல் விட்டுக் கிளப்புவதை அன்றாடப் பழக்கமாகவே கொண்டிருந்தார்கள். பம்ப் இல்லாமலும் கார்புரேட்டர் சிறிது நேரம் வாழும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. கேனில் எஞ்சின் சீராக ஐட்லிங்கில் நின்றால் கோளாறு பம்ப்பிலோ அதற்கு முன்போ. அப்போதும் திணறினால் கார்புரேட்டரில். நின்ற இடத்தில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது. சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைத் தொங்கவிட்டுச் சாலையில் ஓட்டக் கூடாது.

இதுவரை குறைவைப் பற்றிப் பேசினோம். மிகையைப் பற்றிப் பேசும்போதுதான் கடையில் வாங்கிய பம்ப் தன் தனிக் குணத்தைக் காட்டுகிறது. மெக்கானிக்கல் பம்ப்பை எஞ்சினைச் செய்தவரே தேர்ந்தெடுத்தார். அதன் ஸ்பிரிங்கும் அந்தக் கார்புரேட்டரின் நீடிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். கடைப் பம்ப்பின் ஸ்பிரிங் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எஸ்.யு. கார்புரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஆகாது. வெபர் 3 முதல் 3.5 வரை கேட்கும்; அமெரிக்க ஹோலி கார்புரேட்டர் 6, 7 கூடத் தாங்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளில் ஒரே பெட்டி வடிவத்தில் அடுக்கியிருக்கும் பம்ப்புகளில் ஒன்று 1.5 முதல் 4 வரை தருவதாக இருக்கும், பக்கத்திலிருப்பது 4 முதல் 7 வரை. வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. இன்ஜெக்ஷன் காரின் பம்ப்போ 40 பி.எஸ்.ஐ.யைச் சுற்றி அடிப்பது. புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைக் கார்புரேட்டர் வண்டிக்குப் பொருத்துவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவது.

3 கேட்கும் நீடிலின் மேல் 6 வந்தால் ஃப்ளோட் இருமடங்கு விசையோடு மல்லுக்கட்ட வேண்டும். கிண்ணத்தின் மட்டம் உயரும். கறுப்புப் புகை, பிளக்கில் கரி, சூட்டில் நிறுத்திக் கிளப்பினால் கிளம்பாமை, கடைசியில் ஓவர்ஃப்ளோ. இதற்கு ரெகுலேட்டர் ஒன்றைக் கார்புரேட்டருக்கு அருகே போட்டு, அதற்குப் பின்னால் ஒரு டீ இணைப்பில் கேஜ் வைத்து அளப்பதே வழி. கேஜை ரெகுலேட்டருக்கு முன்னால் வைத்துப் பார்ப்பவர் பம்ப்பை அளக்கிறார், கார்புரேட்டருக்கு வருவதை அளக்கவில்லை. பம்ப்பை நிறுத்திய பிறகு கேஜ் முள் சிறிது நேரம் நின்று மெல்ல இறங்க வேண்டும். சடாரென்று விழுந்தால் பம்ப்பின் வால்வோ நீடிலோ ஒழுகுகிறது. இந்தக் கடைசிச் சோதனை மெக்கானிக்கல் பம்ப்புக்கும் ஒரு எழுத்து மாறாமல் பொருந்தும்.

எதிர்பாராத இன்னோர் உறவு ஆயில் டிப்ஸ்டிக்கில் தெரிகிறது. ஆயிலில் பெட்ரோல் வாடை, மட்டம் ஏறியிருக்கிறது. பழைய பம்ப் உள்ள காரில் இதற்குப் பொருள் டயாஃபிரம் கிழிந்துவிட்டது. பெட்ரோல் ஆர்ம் வழியே நேராகச் சம்ப்புக்கு இறங்குகிறது, சில பம்ப்புகளில் உடலிலுள்ள சிறு துளை வழியே வெளியேயும் சொட்டும். எலக்ட்ரிக் பம்ப் உள்ள காரிலும் அதே வாடை வரும். இங்கே அது நீண்ட வழி சுற்றி வருகிறது: மிகை அழுத்தம், நிரம்பி வழியும் கார்புரேட்டர், மேனிஃபோல்ட், சிலிண்டர் சுவர், அங்கிருந்து சம்ப். முதல் காரில் பிளக் பழுப்பாகவே இருக்கும். இரண்டாவதில் கரி பூசியிருக்கும். அடையாளம் காண இதுவே போதும். இரண்டிலும் அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டலாகாது, பேரிங் போய்விடும்.

சிலர் இரண்டு பம்ப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொள்கிறார்கள்: பின்னால் எலக்ட்ரிக், அது தள்ளும் பெட்ரோல் பழைய மெக்கானிக்கல் பம்ப் வழியாகவே கார்புரேட்டருக்கு. பார்வைக்கு இரட்டைப் பாதுகாப்பு. ஆனால் மெக்கானிக்கல் பம்ப் தனியாக இருந்தபோது டயாஃபிரம் கிழிந்தால் எஞ்சின் தள்ளாடி நிற்கும், கசிவும் நிற்கும். இப்போது பின்னால் ஒருவர் தள்ளிக்கொண்டே இருக்கிறார். சாவி போட்டிருக்கும்வரை டேங்க் சம்ப்புக்குள் காலியாகும். இந்த அமைப்பை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

பம்ப்புக்கு வெளியே இருக்கும் கோளாறுகளில் இரண்டும் முழுச் சமம். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டால் அரை மணி ஓட்டத்தில் டேங்குக்குள் வெற்றிடம் கூடி எந்தப் பம்ப்பும் தோற்கும். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் குற்றவாளி பிடிபட்டான். டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் வாயில் துரு சேர்ந்தால் வண்டி வேகத்தில் நின்று, ஐந்து நிமிடம் ஓய்ந்தபின் தானாகக் கிளம்பும், ஏனெனில் ஓய்ந்ததும் துரு கீழே விழுந்துவிடுகிறது. உறிஞ்சும் பக்க ஹோஸில் உள்ள நுண்ணிய வெடிப்பு பெட்ரோலைச் சொட்டாது, காற்றை மட்டும் உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத இக்கோளாறுக்கு ஹோஸை மாற்றிப் பார்ப்பதே சோதனை. 2025 முதல் இந்தியாவெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டதால் பழைய ரப்பர் ஹோஸும் பழைய ரப்பர் டயாஃபிரமும் ஒருசேர ஊறி மிருதுவாகின்றன. மெக்கானிக்கல் பம்ப்பைக் காக்க விரும்புகிறவர் எத்தனாலைத் தாங்கும் டயாஃபிரம் கிட் தேட வேண்டும். எலக்ட்ரிக் வைத்திருப்பவர் பம்ப்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாவிட்டாலும் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

பாதுகாப்பில் மட்டும் இரண்டும் சமமல்ல. எஞ்சின் நின்றால் மெக்கானிக்கல் பம்ப்பும் நிற்கும். விபத்தில் கார்புரேட்டர் குழாய் அறுந்து எஞ்சின் நின்றாலும், சாவி போட்டிருக்கும்வரை எலக்ட்ரிக் பம்ப் சூடான எஞ்சின் மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மெக்கானிக்கல் பம்ப் பிறவியிலேயே பெற்ற இந்த நல்ல குணத்தை எலக்ட்ரிக் பம்ப்புக்கு நாம்தான் சேர்க்க வேண்டும்: ஆயில் பிரஷர் சுவிட்ச், அல்லது இக்னிஷன் துடிப்பு நின்றால் துண்டிக்கும் ரிலே, அல்லது மோதலில் விழும் இனர்ஷியா சுவிட்ச். ஆயில் பிரஷர் சுவிட்ச் என்றால் செல்ஃப் அடிக்கும்போது அதைத் தாண்டி மின்சாரம் போக ஒரு தனி வழி வேண்டும். இல்லையேல் வெறும் கிண்ணத்தோடு வண்டி கிளம்பாது. சேர்த்த பாதுகாப்பு ஒவ்வொன்றும் கெடக்கூடிய இன்னோர் இணைப்பு என்பதும் உண்மை. நன்றாக இருக்கும் பம்ப் வழியில் திடீரென்று மௌனமானால், பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு ஒரு வயரை நேராகப் பம்ப்புக்குக் கொடுத்துப் பாருங்கள். அடித்தால் பம்ப் நல்லது, சுவிட்சோ ரிலேயோ போயிருக்கிறது. அந்த நேர் வயரை வைத்து அருகிலுள்ள ஒர்க்ஷாப் வரை போகலாம். ஆனால் சிலர் அதையே நிரந்தரமாக விட்டுவிடுகிறார்கள். இது என்னைக் கலங்கவைக்கிறது.

பொருத்தி முடித்ததும் பாதுகாப்புச் சுற்று வேலை செய்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி: ஆறிய எஞ்சினைக் கிளப்பி, ஐட்லிங்கில் ஓடத் தொடங்கியதும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரை மட்டும் கழற்றுங்கள், சாவியை அணைக்காதீர்கள். எஞ்சின் நின்ற பின் கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை பாட்டிலுக்குள் மாற்றிவிட்டு, பின்னால் போய்ப் பம்ப்பருகே காதை வையுங்கள். இனர்ஷியா சுவிட்ச் மட்டும் உள்ள வண்டிக்கு இது பொருந்தாது. மற்றபடி, ஹோஸ் திறந்திருந்தும் பம்ப் அடிக்காமல் இருந்தால் சுற்று சரியாக வேலை செய்கிறது. அடித்துப் பாட்டில் நிரம்பத் தொடங்கினால் உடனே சாவியை அணைத்து வயரிங்கைத் திருத்திவிட்டுத்தான் வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.